அண்ணனுக்கு கூலிங் ட்ரீட்மென்ட் பண்ண ஹாஸ்பிடல், பெங்களூர்: 24 நாள் அனுபவம், நல்லதும் குறையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். அண்ணாவுக்கு திடீர்னு இதயம் நின்னு போச்சு (கார்டியாக் அரெஸ்ட்), திரும்ப அடிக்க வெச்சப்புறம் மூளைக்காக ஒடம்ப குளிர வெச்சு பாத்தாங்க, அதத்தான் கூலிங் ட்ரீட்மென்ட்னு சொல்றேன். இப்போ அண்ணா திரும்ப கடைக்கு போக ஆரம்பிச்சுட்டாரு, அதான் உக்காந்துட்டேன். பெருசா வரும், பொறுத்துக்கங்க. ஐசியூ வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டு நடுராத்திரில போன்ல "கூலிங் ட்ரீட்மென்ட் மூளை திரும்புமா"ன்னு தேடிட்டு இருக்கறவங்களுக்காகத்தான் எழுதறேன், நானும் அப்படித்தான் தேடினேன், தமிழ்ல உருப்படியா ஒண்ணும் கெடைக்கல. ஹாஸ்பிடல் பேர் போடல. கிழக்கு பெங்களூர்ல ஒரு பெரிய ப்ரைவேட் ஹாஸ்பிடல், அவ்ளோதான். குறையும் சொல்லப் போறேன், அண்ணா இன்னும் அங்கதான் செக்கப்புக்கு போறாரு, அதோட இதுல இருக்கறது நீங்க எந்த ஹாஸ்பிடல் போனாலும் கேட்டு வாங்க வேண்டிய விஷயம்தான்.

அண்ணாவுக்கு 47 வயசு. எஸ்.பி. ரோடுல எலக்ட்ரிகல் சாமான் கடை. சுகர் கிடையாது, பிபி மாத்திரை மட்டும் போட்டுட்டு இருந்தாரு, அதுவும் ஞாபகம் வந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அல்சூர் ஏரிப் பக்கம் வாக்கிங், திருவள்ளுவர் சிலை தாண்டி கொஞ்ச தூரத்துல அப்படியே சரிஞ்சுட்டாரு. அண்ணி கூடத்தான் இருந்தாங்க. கூட்டம் கூடிருச்சு, ஒருத்தர் தண்ணி தெளிக்கறாரு, ஒருத்தர் சாவியக் கைல வெக்கறாரு, ஃபிட்ஸ்னு நெனச்சுட்டாங்க. அப்போ பக்கத்துல ஓடிட்டு இருந்த ஒரு பையன், ஜிம்ல ட்ரெய்னராம், வந்து மூச்சப் பாத்துட்டு "இது ஃபிட்ஸ் இல்ல"ன்னு சொல்லி நெஞ்சுல ரெண்டு கையும் வெச்சு அமுக்க ஆரம்பிச்சுட்டான். 2021ல கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மாரடைப்புல இறந்தப்புறம் அவங்க ஜிம்ல எல்லாருக்கும் சிபிஆர் கத்துக் குடுத்தாங்களாம். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, நெஞ்சு 5 சென்டிமீட்டர் உள்ள போகணும், அந்தப் பையன் ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தவே இல்ல, நடுவுல இன்னொருத்தருக்கு சொல்லிக் குடுத்து கை மாத்தி மாத்தி அமுக்கினாங்க. ஆம்புலன்ஸ்ல ஷாக் ரெண்டு தடவை. ரெண்டாவதுல நாடி வந்துச்சு. மொத்தம் 20 நிமிஷத்துக்கு மேல இதயம் தானா அடிக்கல.

இத மொதல்ல சொல்றதுக்கு காரணம் இருக்கு. பின்னாடி ஐசியூ டாக்டர் எங்க கிட்ட சொன்ன மொத வார்த்தையே, "நாங்க இங்க பண்றது எல்லாம் ரெண்டாவது, ரோட்ல அந்தப் பையன் பண்ணதுதான் மொத ட்ரீட்மென்ட்"ங்கறதுதான். ஆரம்பத்துலயே நல்லா சிபிஆர் கெடச்சு, ஷாக் குடுத்தா சரியாகற ரிதமா (இதயம் துடிக்கற தாளம்) இருந்தா, அவங்களுக்குத்தான் மூளை திரும்பற வாய்ப்பு அதிகம்.

எமர்ஜென்சி பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, அந்தப் பகுதில குறை சொல்ல முடியாது. ஈசிஜி பாத்தாங்க, நேரா கேத் லேப், இதயத்துக்கு முன்பக்கம் போற பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பு, ஸ்டென்ட் வெச்சாச்சு. நாங்க எல்லாம் அப்பாடான்னு மூச்சு விட்டோம். அடைப்பு எடுத்தாச்சு, இனி கண்ணு முழிச்சுருவாருன்னு. முழிக்கல. கூப்ட்டா அசைவு இல்ல, வென்டிலேட்டர் ட்யூப் வாயில. அப்பதான் ஐசியூ டாக்டர் எங்கள தனி ரூமுக்கு கூப்ட்டு டெம்பரேச்சர் கன்ட்ரோல்னு ஒரு வார்த்தை சொன்னாங்க.

அவங்க சொன்னத எனக்கு புரிஞ்ச மாதிரி எழுதறேன். இதயம் நின்னா மூளைக்கு ரத்தம் போகாது, அந்த அஞ்சு பத்து நிமிஷத்துல அடி பட்டுருது. ஆனா கதை அதோட முடியறதில்ல. ரத்தம் திரும்ப பாய ஆரம்பிச்சதும் இன்னொரு சேதம் ஆரம்பிக்குது, செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், வேண்டாத ரசாயனம் எல்லாம் கெளம்பும், வீக்கம் வரும், இது மணிக்கணக்கா, சில பேருக்கு நாள்கணக்கா நடக்கும். அந்த நேரத்துல ஒடம்பு சூடு ஏறினா மூளைக்கு இன்னும் கேடு. சூட்ட எறக்கினா மூளையோட பசி கொறையும், ஒரு டிகிரி எறங்கினா அதோட ஆக்சிஜன் தேவை 6, 7 சதவீதம் கொறையுதாம். எரியற அடுப்ப சிம்ல வெக்கற மாதிரின்னு டாக்டர் சொன்னாங்க, எங்க அம்மாவுக்கு கூட அது புரிஞ்சுது.

அண்ணாவுக்கு வெச்ச டார்கெட் 33 டிகிரி செல்சியஸ், அதாவது 91 ஃபாரன்ஹீட் சொச்சம். 24 மணி நேரம் அங்கயே நிறுத்தறது, அப்புறம் மணிக்கு கால் டிகிரி கணக்குல ஏத்தறது. கால் டிகிரின்னா கணக்கு போட்டு பாருங்க, 33லேர்ந்து 37 வர்றதுக்கே 16 மணி நேரம். அதுக்கப்புறமும் காய்ச்சல் வராம காவல் காக்கணும்.

மெஷின் எப்படின்னா, முதுகு, வயிறு, தொடை எல்லாத்துலயும் ஜெல் மாதிரி பேட் ஒட்டிருவாங்க, பெரிய பிளாஸ்டர் மாதிரி இருக்கும், அதுக்குள்ள தண்ணி ஓடிட்டே இருக்கும், பக்கத்துல ஒரு பெட்டி. யூரின் ட்யூப்லயே டெம்பரேச்சர் பாக்கற கம்பி இருக்கு, அது ஒடம்புக்குள்ள சூடு எவ்ளோன்னு பெட்டிக்கு சொல்லிட்டே இருக்கும், பெட்டி அதுக்கேத்த மாதிரி தண்ணிய குளிர வெக்கும், சூடாக்கும். ஆள் உக்காந்து பாத்துட்டே இருக்க வேண்டாம்னு நெனைப்பீங்க, அது தப்பு. அந்த ஒரு பெட்டுக்கு ஒரு நர்ஸ், 24 மணி நேரமும். பொட்டாசியம் எறங்கும், சுகர் ஏறும், நாடித்துடிப்பு மெதுவாகும், ரத்தம் ஒறையறது கொறையும், நிமோனியா பயம், எல்லாத்தையும் மணிக்கொரு தரம் பாத்து எழுதிட்டு இருந்தாங்க. மானிட்டர்ல அண்ணாவோட நாடி 46ன்னு பாத்து நான் ஓடிப்போய் சொன்னேன், சிஸ்டர் சிரிக்காம, எரிச்சல் படாம, "குளிர்ல அப்படித்தான்க்கா இருக்கும், பிபி நல்லா இருக்கு பாருங்க"ன்னு காட்டினாங்க.

இந்த சிஸ்டர் பத்தி தனியா சொல்லியே ஆகணும். கேஜிஎஃப் பொண்ணு, மாரிக்குப்பம் ட்ரெயின்ல வந்து போறவங்க, நல்ல தமிழ். மொத நாள் சாயங்காலம் அம்மாவ அஞ்சு நிமிஷம் உள்ள விட்டாங்க. அம்மா அண்ணாவோட கையத் தொட்டுட்டு அலறிட்டாங்க. "சில்லுன்னு இருக்கே, எம்புள்ள போயிட்டானா, என்கிட்ட மறைக்கறீங்களா"ன்னு. எங்க ஊர்ல கை சில்லிட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தானே. அப்புறம் ஏசி ரூம்ல புள்ளைய வெறும் ஒடம்போட போட்டு வெச்சிருக்கீங்க, போர்வை போத்துங்கன்னு அழுகை. யாரா இருந்தாலும் வெளிய போங்கம்மான்னு தள்ளிருப்பாங்க. அந்தப் பொண்ணு அம்மாவ உக்கார வெச்சு, மானிட்டர்ல துடிப்பு ஓடறதக் காட்டி, அம்மாவோட கைய எடுத்து அண்ணா நெஞ்சுல வெச்சு "அடிக்குதா பாருங்க"ன்னு கேட்டாங்க. அப்புறம் ஒரு விஷயம் சொன்னாங்க, கைக்கும் காலுக்கும் மட்டும் சூடு குடுக்கலாம், அது ட்ரீட்மென்ட்லயே இருக்கு, கை கால் சூடா இருந்தா ஒடம்பு நடுங்கறது கொறையும், நீங்க வேணும்னா சாக்ஸ் போட்டு விடுங்கன்னு. அம்மா கைலயே சாக்ஸ குடுத்தாங்க. அம்மா அண்ணாவுக்கு சாக்ஸ் மாட்டி விட்டுட்டு வெளிய வந்து அமைதியா உக்காந்துட்டாங்க, அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கவும் செஞ்சாங்க.

நடுக்கம்தான் இந்த ட்ரீட்மென்ட்ல பெரிய எதிரின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாம குளிர எறக்க எறக்க ஒடம்பு நடுங்கி சூட்ட ஏத்தப் பாக்கும், அப்போ மூளையோட பசி கொறையறதுக்கு பதிலா ஏறிடும். அதனால சிஸ்டர் அப்பப்போ தாடையயும் கழுத்தயும் தொட்டுப் பாத்துட்டே இருந்தாங்க, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அங்கதான் மொதல்ல தெரியுமாம். பாராசிட்டமால், மெக்னீசியம், மயக்க மருந்து எல்லாம் இதுக்காகவும்தான் போகுது.

இப்போ முக்கியமான எடம். ரெண்டாவது நாள் ஹாஸ்பிடல் கவுன்சலர்னு ஒருத்தர் வந்து கன்சென்ட் பேப்பர், பேக்கேஜ் ரேட் எல்லாம் பேசினாரு. அவரு பேசின தோரணைல, இந்த கூலிங் மெஷின் இருக்கறதாலதான் மூளை தப்பிக்கும், பெங்களூர்ல எல்லா எடத்துலயும் இது கெடையாது, நீங்க குடுத்து வெச்சவங்கங்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு அது ஒறுத்துச்சு. நான் அக்கவுன்ட்ஸ்ல வேலை பாக்கறவ, மெடிக்கல் தெரியாது, ஆனா படிச்சா புரியும், ராத்திரி பூரா படிச்சேன், மறுநாள் டாக்டர் கிட்ட நேரா கேட்டேன்.

படிச்சது இதுதான். 2002ல ஆஸ்திரேலியாலயும் ஐரோப்பாலயும் ரெண்டு ஆராய்ச்சி ஒரே நேரத்துல வந்துச்சு. ஆஸ்திரேலியா ஆராய்ச்சி சின்னது, 77 பேர்தான், ஆம்புலன்ஸ்லயே ஐஸ் பேக் வெச்சு குளிர வெச்சாங்க. ஐரோப்பால நல்லபடியா மூளை தேறினவங்க குளிர வெச்ச பக்கம் 55 சதவீதம், வெக்காத பக்கம் 39. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா இது பரவுச்சு. ஆனா 2013ல 950 பேர வெச்சு 33 டிகிரியயும் 36 டிகிரியயும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, வித்தியாசமே இல்ல. 2021ல இன்னும் பெருசா, 1,800 பேருக்கு மேல, ஒரு பக்கம் 33, இன்னொரு பக்கம் குளிர வெக்காம காய்ச்சல் மட்டும் வராம பாத்துக்கறது. ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்துட்டாங்க, 50 சதவீதம், 48 சதவீதம். உயிரோட இருந்தவங்களோட நிலைமைலயும் பெரிய வித்தியாசம் இல்ல. குளிர வெச்ச பக்கம் ரிதம் கோளாறு கொஞ்சம் ஜாஸ்தி. இத ராத்திரி ரெண்டு மணிக்கு படிச்சுட்டு எனக்கு கை நடுங்கிடுச்சு. அப்போ அண்ணாவுக்கு பண்றது வேஸ்ட்டா, காசுக்காக பண்றாங்களான்னு.

டாக்டர் இதக் கேட்டு கோவப்படல, அதுக்கே அவங்களுக்கு தனியா ஒரு ஸ்டார் குடுக்கணும். "நீங்க படிச்சது சரிதான்"னு ஆரம்பிச்சாங்க. பழைய ஆராய்ச்சில குளிர வெக்காத பக்கம் நிறைய பேருக்கு காய்ச்சல் வந்துச்சு, அதனால அங்க தெரிஞ்ச வித்தியாசம் குளிரோட நன்மையா இல்ல காய்ச்சலோட கெடுதலான்னு கேள்வி வந்துச்சு, இப்போ இருக்கற கைடுலைன் படி 32லேர்ந்து 37.5 வரைக்கும் ஒரு நம்பர புடிச்சு அங்கயே அசையாம வெச்சுக்கணும், காய்ச்சல விடவே கூடாது, எங்க யூனிட்ல இந்த மாதிரி கேஸுக்கு 33 எடுத்துக்கறோம், இன்னொரு ஹாஸ்பிடல்ல 36 வெப்பாங்க, 37 வெப்பாங்க, அதுவும் தப்பில்லன்னாங்க. 2019ல பிரான்ஸ்ல ஷாக் குடுத்து சரி பண்ண முடியாத வகை ரிதம் உள்ளவங்கள 33லயும் 37லயும் வெச்சுப் பாத்தப்போ 33ல கொஞ்சம் நல்லா வந்துச்சு, மூளை நல்லா தேறினவங்க 33ல 10.2 சதவீதம், 37ல 5.7 சதவீதம்னு, அதனால இந்த வாதம் இன்னும் டாக்டர்களுக்குள்ளயே முடியலன்னும் சொன்னாங்க. "மெஷின் மூளைய காப்பாத்தும்னு உங்களுக்கு யாராவது சொல்லிருந்தா அது ஜாஸ்தி"ன்னு வாய் விட்டு சொன்னாங்க. ஒரு டாக்டர் தன்னோட ஹாஸ்பிடல் ஆளு சொன்னத திருத்தறது சாதாரண விஷயம் இல்ல.

அதனால இத படிக்கறவங்களுக்கு நான் சொல்றது, கூலிங் மெஷின் இருக்கான்னு மட்டும் கேட்டு ஹாஸ்பிடல் மாத்தாதீங்க. மெஷின் இல்லாத எடத்துலயும் ஐஸ் பேக், ஃபேன், பாராசிட்டமால் வெச்சு காய்ச்சல அடக்க முடியும். கேக்க வேண்டியது வேற: ஒடம்புக்குள்ள டெம்பரேச்சர தொடர்ந்து பாக்கறீங்களா, எத்தன நாளுக்கு காய்ச்சல் வராம பாப்பீங்க, ஈஈஜி (மூளையோட மின் அலைய பாக்கற டெஸ்ட்) எடுக்க வசதி இருக்கா, மூளை பத்தி எப்போ முடிவு சொல்லுவீங்க. எங்க சித்தப்பா ஒருத்தர், ஆம்புலன்ஸ்லயே ஐஸ் தண்ணி ஏத்திருக்கலாமேன்னு அண்ணிய குத்தம் சொல்ற மாதிரி பேசிட்டு இருந்தாரு. அதுவும் பாத்துட்டாங்க, அமெரிக்கால சியாட்டில் பக்கம் 1,300 பேருக்கு மேல ஆம்புலன்ஸ்லயே குளிர்ந்த சலைன் ஏத்தி பாத்து 2014ல ரிசல்ட் வந்துச்சு, பிரயோஜனம் இல்ல, சில பேருக்கு இதயம் திரும்ப நின்னுச்சு, நுரையீரல்ல தண்ணி கோத்துச்சு. தயவு செஞ்சு யாரும் சொந்தமா ஐஸ் வெக்க போகாதீங்க, சொந்தக்காரங்க மேல பழியும் போடாதீங்க.

இப்போ குறைக்கு வர்றேன், எழுதும்போதே எனக்கு மனசு கனக்குது. மூணாவது நாள் ராத்திரி. சூடு ஏத்தி முடிச்சாச்சு, மயக்க மருந்து கொறைச்சுட்டு இருக்காங்க, அண்ணாவுக்கு மொகமும் தோளும் திடீர் திடீர்னு வெட்டி வெட்டி இழுக்குது. நைட் ட்யூட்டில இருந்த ஒரு சின்ன வயசு டாக்டர், வராண்டால நின்னுக்கிட்டே, உக்காரக் கூட சொல்லாம, "இது நல்ல சைன் இல்ல, பிரெய்ன் டேமேஜ் ஜாஸ்தி இருக்கும், நீங்க மென்டலா ப்ரிப்பேர் ஆயிடுங்க, ஃபேமிலில பேசி டிசைட் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ராத்திரி ஒன்றரை மணி. அண்ணிக்கு அங்கயே தலை சுத்திருச்சு. ஓசூர்லேர்ந்து வந்திருந்த அண்ணியோட பெரியப்பா, இவ்ளோ செலவு பண்ணி கட்டைய வெச்சுட்டு இருக்கறதுக்கு வீட்டுக்கு கொண்டு போயிடலாம்னு பேச ஆரம்பிச்சுட்டாரு. அவரு கெட்டவரு இல்ல, காலங்காலமா நம்ம வீடுகள்ல நடக்கறதுதான், கடைசி மூச்சு வீட்ல போகட்டும்னு. காலைல ஏழு மணிக்குள்ள கையெழுத்து போட்டு கூட்டிட்டுப் போற நெலமைக்கு வந்துட்டோம். நான் மட்டும்தான் பெரிய டாக்டர் வர்ற வரைக்கும் யாரும் எதுலயும் கையெழுத்து போடக் கூடாதுன்னு அடம் புடிச்சேன், அண்ணி என்ன கட்டிப் புடிச்சுட்டு அழுதாங்க.

காலைல பெரிய டாக்டர் வந்து விஷயம் கேட்டு மொகம் மாறிட்டாங்க. அந்த இழுப்பு சில பேருக்கு மோசமான அறிகுறிதான், இல்லன்னு சொல்லல, ஆனா அது ஒண்ண மட்டும் வெச்சு யாரும் முடிவு சொல்லக் கூடாதுன்னாங்க. குளிர வெச்ச ஒடம்புல ஈரலும் கிட்னியும் மெதுவா வேலை பாக்கும், அதனால மிடாஜோலம், ஃபென்டானில் மாதிரி மயக்க மருந்து, வலி மருந்து ரத்தத்துலேர்ந்து சீக்கிரம் போகாது, தூங்கறாரா மூளை அடிபட்டிருக்கான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது. அதனால ஒடம்பு சூடு நார்மலுக்கு வந்து, மருந்தும் வெளிய போய், கொறஞ்சது 72 மணி நேரம் கழிச்சுத்தான் பாக்கணும். அப்பவும் ஒரே டெஸ்ட்ட நம்பக் கூடாது. கண்ணு பாப்பால டார்ச் அடிச்சா சுருங்குதா, ஈஈஜி எப்படி இருக்கு, கைல சின்ன கரன்ட் குடுத்து அது மூளைக்கு போய் சேருதான்னு ஒரு டெஸ்ட், என்எஸ்ஈன்னு ஒரு ரத்த டெஸ்ட், எம்ஆர்ஐ, எல்லாத்தையும் சேத்து வெச்சுத்தான். அன்னைக்கே ஈஈஜி எடுத்தாங்க, மூளையோட அலை விட்டுப் போகாம தொடர்ந்து இருக்குன்னு சொன்னாங்க. கரன்ட் டெஸ்ட்லயும் ரெண்டு பக்கமும் சிக்னல் போய் சேந்துச்சு. "உறுதி குடுக்க முடியாது, ஆனா காத்திருக்க காரணம் இருக்கு"ன்னாங்க. அந்த ஒரு வாக்கியத்த அண்ணி அன்னைக்கு பூரா எல்லாருக்கும் போன்ல சொல்லிட்டு இருந்தாங்க.

ஆறாவது நாள் கண்ணு தொறந்தாரு. தொறந்ததுதான், பாக்கல. சொந்தக்காரங்க கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க, டாக்டர்தான் கண்ணு தொறக்கறது வேற, நெனவு வேறன்னு தடுத்தாங்க. எட்டாவது நாள் காலைல கேஜிஎஃப் சிஸ்டர் "அண்ணா, கட்டை விரல தூக்குங்க"ன்னு சொன்னதுக்கு வலது கை கட்டை விரல் மேல வந்துச்சு. அவங்க ட்யூட்டி முடிஞ்சும் கெளம்பாம எங்களுக்கு சொல்றதுக்காக வெளிய வந்து நின்னாங்க, அந்த ட்ரெயின விட்டா அடுத்ததுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு எனக்கு தெரியும்.

அந்த ராத்திரி டாக்டர் மேல எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுத்தேன். பழி வாங்க இல்ல. மூணு நாள் தூங்காம ட்யூட்டி பாத்திருப்பாரு போல, பாவம், ஆனா அந்த ஒரு நிமிஷ பேச்சுல ஒரு உயிர் போயிருக்கும். ஹாஸ்பிடல்ல ஒரு ரூல் வரணும், மூளை பத்தின விஷயத்த குடும்பத்துக்கிட்ட யாரு சொல்லலாம், எப்போ சொல்லலாம்னு. மெஷினுக்கு மணிக்கணக்கா சார்ட் இருக்கு, பேச்சுக்கு ஒரு சார்ட் இல்ல.

பில்லிங் பத்தி சுருக்கமா. மொத்தம் பதினொரு லட்சம் ஆச்சு, இன்சூரன்ஸ் அஞ்சு லட்சத்துக்குத்தான், மீதி நக வெச்சும் கடை ஸ்டாக் வித்தும் கட்டினோம். ஜெல் பேட் ஒருத்தருக்கு ஒரு தடவைதான் யூஸ் பண்ணுவாங்க, அது தனியா பெரிய தொகை, அதுல ஒரு பகுதிய கன்ஸ்யூமபிள்னு சொல்லி இன்சூரன்ஸ்ல குடுக்க மாட்டோம்னுட்டாங்க. ஆரம்பத்துலயே இத கவுன்சலர் சொல்லிருக்கணும். நீங்க எழுத்துல எஸ்டிமேட் கேளுங்க, பேட் இன்சூரன்ஸ்ல வருமான்னு ஹாஸ்பிடல்ல இன்சூரன்ஸ் வேலை பாக்கற டிபிஏ டெஸ்க்ல முன்னாடியே கேளுங்க.

ஆனா எனக்கு எல்லாத்த விட பெரிய மனக்குறை டிஸ்சார்ஜ்தான். 24ஆவது நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. கைல குடுத்த ஃபைல்ல ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, உப்பு கொறைங்க, எக்கோ எப்போ எடுக்கணும், எல்லாம் தெளிவா இருந்துச்சு. மூளை பத்தி ஒரு வரி கூட இல்ல. அத காப்பாத்தத்தானே அவ்ளோ பாடுபட்டாங்க. வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள் அண்ணா சாதாரணமா "அப்பா எங்க, இன்னும் எழுந்திரிக்கலயா"ன்னு கேட்டாரு. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. அம்மா அடுப்படில நின்னுட்டு இருந்தாங்க, கைல இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு. சொல்லி முடிச்சா அழறாரு, அரை மணி நேரத்துல திரும்ப கேக்கறாரு, திரும்ப மொத தடவை கேக்கற மாதிரி அழறாரு. நாலு நாள் கழிச்சு அம்மாவே "வெளிய போயிருக்காருப்பா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

சட்டுனு கோவம் வருது, பத்து நிமிஷம் பேசினா களைச்சுப் போறாரு, கடைல 18 பர்சென்ட் ஜிஎஸ்டிய மனசுலயே போடற மனுஷன் சில்லறை எண்ண தடுமாறினாரு. நாங்க சோம்பேறித்தனம்னும் டிப்ரஷன்னும் நெனச்சு திட்டிட்டோம். இது எல்லாம் கார்டியாக் அரெஸ்ட்ல தப்பிச்ச நிறைய பேருக்கு வர்றதுதான், ஞாபக மறதி, களைப்பு, பயம், மனச்சோர்வு, கூட இருக்கறவங்களுக்கும் தூக்கம் போயிடும், ஸ்கேன்ல ஒண்ணும் பெருசா தெரியாட்டிக் கூட இருக்கும்னு யாராவது ஒரே ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருந்தா நாங்க அவர திட்டிருக்க மாட்டோம். ஐரோப்பா கைடுலைன்லயே, டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடியும், அப்புறம் மூணு மாசத்துக்குள்ளயும் ஞாபக சக்தி, மனநிலை, களைப்பு எல்லாம் செக் பண்ணணும்னு எழுதிருக்கு. கூலிங் கைடுலைன தலைகீழா தெரிஞ்ச ஹாஸ்பிடல்ல இந்தப் பக்கத்த யாரும் திருப்பல.

கடைசில ஃபேமிலி டாக்டர் சொல்லி நிம்ஹான்ஸ் (பெங்களூர்ல இருக்கற மூளை, மனநல ஹாஸ்பிடல்) போனோம். அங்க உக்கார வெச்சு மணிக்கணக்கா ஞாபகம், கவனம், கணக்கு எல்லாம் டெஸ்ட் எடுத்தாங்க. பழசு எல்லாம் இருக்கு, புதுசா நடக்கறது பதியறதுலதான் சிக்கல்னு புரிய வெச்சாங்க. ஒரு நோட்டு வெச்சு எல்லாத்தையும் எழுதற பழக்கம், போன்ல அலாரம், ஒரு நேரத்துல ஒரே வேலை, மதியம் கட்டாயம் படுக்கணும், இப்படி சின்னச் சின்ன விஷயம்தான். ஆனா அதுக்கப்புறம்தான் வீடு வீடா ஆச்சு. அந்த நோட்டோட மொத பக்கத்துல அண்ணி "அப்பா 2019ல காலமாயிட்டாரு, நீங்கதான் கொள்ளி வெச்சீங்க"ன்னு எழுதி வெச்சிருக்காங்க. இப்போ கேக்கறதில்ல, நோட்ட தொறந்து பாத்துக்கறாரு.

ஸ்டார் கேட்டா, ஐசியூ டாக்டருக்கும் நர்ஸுங்களுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, கண்ண மூடிட்டு குடுப்பேன். ராத்திரி நேர பேச்சுக்கு ஒண்ணு. பில்லிங்க்கு ரெண்டு. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மூளைக்கான கவனிப்புக்கு குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. மொத்தமா மூணு போடறேன். டிஸ்சார்ஜ் சரி பண்ணாங்கன்னா வந்து மாத்தறேன், உண்மையாவே மாத்த ஆசைப்படறேன்.

போறவங்களுக்கு சில விஷயம். விசிட்டிங் காலைல 11லேர்ந்து பன்னெண்டு, சாயங்காலம் 5லேர்ந்து ஆறு, ஒருத்தர்தான், ஆனா கேட்டா பெத்தவங்கள தனியா விடறாங்க. டாக்டர் பேசற நேரம் 12 மணி, அப்போ வீட்ல யாராவது ஒருத்தர் ஒரே ஆளா தினமும் இருங்க, ஆள் மாறினா சேதியும் மாறிடுது. சொன்னத தேதி போட்டு எழுதி வெச்சுக்கங்க, என்ன மருந்து எப்போ நிறுத்தினாங்கங்கறத கண்டிப்பா எழுதுங்க. ஐசியூ வராண்டால ஏசி ஜாஸ்தி, பெரியவங்களுக்கு ஒரு சால்வை எடுத்துட்டுப் போங்க. கேன்டீன்ல தயிர்சாதம் நல்லா இருக்கு, ராத்திரி 10 மணிக்கு மேல டீ மட்டும்தான். ஓசூர், கிருஷ்ணகிரிலேர்ந்து வர்றவங்களுக்கு பின்பக்க தெருவுல ரூம் கெடைக்கும், நாள் வாடகைக்கு, முன்பணம் கேக்கறதில்ல.

அந்த ஜிம் பையன் போன வாரம் கடைக்கு வந்தான். அண்ணாவுக்கு அவன் மொகம் ஞாபகம் இல்ல, இருக்கவும் இருக்காது. நோட்ட எடுத்து அவன் பேரும் போன் நம்பரும் எழுதிக்கிட்டாரு. வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு எங்க தெருவுல சிபிஆர் சொல்லித் தர்றதா ஒத்துக்கிட்டான், பக்கத்து கோயில் மண்டபத்துல, காலைல 8 மணிக்கு.